உடுவிலா, மருதனார்மடமா?

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குச் செல்லும் வீதியில், சுன்னாகத்தை அடைவதற்குச் சற்று முன்பாக மருதனார்மடம் என்னும் சந்தி வரும். அங்கிருந்து மேற்கே திரும்பி மானிப்பாய்ப் பக்கமாக நடந்தால் உடுவில். செம்மண் தோட்டங்களும் பனைகளும் நிறைந்த இந்தச் சிறு தொலைவுக்குள் புகழ்பெற்ற இரண்டு பெண்கள் கல்லூரிகள் இருக்கின்றன. ஒன்று, அமெரிக்க மிஷனரிமார் 1824ஆம் ஆண்டில் உடுவிலில் தொடங்கியது. மற்றது, பொன்னம்பலம் இராமநாதன் 1913ஆம் ஆண்டில் சைவப் பெண்களுக்கென்று மருதனார்மடத்தில் எழுப்பியது.

அந்த 1913ஆம் ஆண்டில், வசதியுள்ள ஒரு சைவக் குடும்பத்தில் பதினோரு வயதில் ஒரு மகள் இருந்திருப்பாளாயின், அவளுடைய தந்தையின் முன் முதன்முறையாக இரண்டு வாயில்கள் திறந்து நின்றன. அதற்கு முன்பு அவர் முன் நின்ற கேள்வி வேறு. மகளை மிஷன் பள்ளிக்கு அனுப்புவதா, அல்லது வீட்டோடு நிறுத்திவிடுவதா என்பதே அது. விடுதியோடு கூடி, ஆங்கிலமும் உயர்வகுப்புகளும் கற்பிக்கும் பெரியதொரு சைவப் பெண்பள்ளி அந்நாள்வரை அவர் கண்ணுக்கு எட்டிய தூரத்தில் இல்லை.

உடுவில் பள்ளியைத் தொடங்கியவர்களின் பெயர் தமிழ் படித்தோர்க்குப் புதிதன்று. 1862இல் வெளிவந்த தமிழ் – ஆங்கிலப் பேரகராதியைத் தொகுத்த மிரோன் வின்சுலோ இந்த உடுவிலில் பணியாற்றியவரே. பள்ளியை நடத்தியவர் அவருடைய துணைவியார் ஹாரியட். பெண்ணுக்கு எழுத்தறிவு எதற்கு என்று ஊர் கேட்ட காலம் அது. உணவும் உடையும் இடமும் தந்து, படிப்பு முடித்து மணம் செய்துகொள்ளும்போது சீதனமும் தந்துதான் முதற் பெண்களைப் பள்ளிக்கு அழைக்க வேண்டியிருந்தது. 1840இல் வந்து சேர்ந்த எலைசா அக்னியூ என்ற அம்மையார் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் அப்பள்ளியை நடத்தினார். ஒருமுறையேனும் தாய்நாடு திரும்பாமல் 1883இல் அந்த மண்ணிலேயே உயிர்விட்டார். ஆயிரம் பெண்களுக்குத் தாய் என்று அவரைச் சொல்வார்கள். அந்த உழைப்பைக் குறைத்துப் பேசுவது சைவருக்கு அழகாகாது.

ஆயினும் அந்தத் தாயின் நோக்கமும் மறைவானதன்று. பள்ளி, சமயத்துக்குக் கொண்டுசேர்க்கும் வழியாகவே நடத்தப்பட்டது. மிஷனரிமார் அதை ஒளித்ததுமில்லை. உள்ளே சென்ற பெண்களில் மிகப் பலர் கிறிஸ்தவராகவே வெளியே வந்தனர். வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்த கிறிஸ்தவ இளைஞர்களுக்கு அவர்கள் மனைவியராயினர். கல்வியும் குடும்பமும் இவ்வாறு இணைந்தபோது, ஒரு தலைமுறைக்குள் ஒரு வீட்டின் வழிபாடே மாறிவிட்டது. பிறந்த வீட்டில் தந்தையின் சிராத்த நாளன்று மகள் வந்து நிற்பாளா, பிள்ளையார் கோயில் திருவிழாவுக்குப் பேரப்பிள்ளைகள் வருவார்களா, அம்மம்மா இடும் திருநீற்றுக்கு நெற்றி குனியுமா என்பவை சிறிய கேள்விகள் போலத் தோன்றலாம். அந்த வீடுகளில் அவற்றைவிடப் பெரிய கேள்வி வேறு இருக்கவில்லை.

இங்கே ஒருவர் ஆறுமுக நாவலரை நினைவூட்டக்கூடும். நல்லூரில் 1822இல் பிறந்த நாவலர், யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பள்ளியில் பயின்றார். அங்கேயே ஆசிரியராக இருந்தார். பேர்சிவல் பாதிரியாருக்காக விவிலியத் தமிழ் மொழிபெயர்ப்பில் பல ஆண்டுகள் உழைத்தார். அத்தனை அண்மையில் இருந்தும் அவர் சைவத்திலிருந்து இம்மியும் பிசகவில்லை. 1847 டிசம்பர் 31ஆம் நாள் வெள்ளிக்கிழமை வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கி, மறு ஆண்டிலேயே மிஷன் பணியையும் துறந்து, சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். மிஷன் பள்ளியில் படித்தால் சமயம் போய்விடும் என்பது பொய் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று கேட்கலாம்.

அந்தச் சான்று மகனுக்குப் பொருந்தும். அக்காலத்து மகளுக்குப் பொருந்தாது. நாவலர் மிஷன் பள்ளிக்குள் வெறுங்கையோடு நுழையவில்லை. தந்தையார் கந்தர் தமிழ்ப் புலமை உடையவர். சரவணமுத்துப் புலவரிடமும் சேனாதிராய முதலியாரிடமும் இலக்கண இலக்கியங்களைக் கற்றவர் நாவலர். தம் சமயத்தின் நூல்களைத் தாமே படித்து, ஐயம் எழுந்தபோது தாமே விடை தேடத் தெரிந்தவர். திண்ணைப் பள்ளியும் புராணபடனமும் ஆண்பிள்ளைக்கு இந்த முதலைக் கொடுத்தன. பெண்பிள்ளைக்கு வாய்த்தது தாயின் வாய்ப்பாடமாக வந்த இரண்டொரு தேவாரமும், விரத நாட்களும், அடுப்படியின் ஆசாரமுமே. அவற்றின் அருமை பெரிது. ஆனால், "உங்கள் தெய்வத்தைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது, படித்துக் காட்டு" என்று ஒருவர் கேட்டால், எழுத்தறியாத பிள்ளை என்ன செய்யும்? அவள் முதன்முதலாக எழுத்துக்கூட்டிப் படித்த நூலே வேறொரு சமயத்தின் நூலாக இருந்தது. அதில் அவள் மனம் நிலைத்ததென்றால் குற்றம் அவளுடையதா?

சைவர்கள் விழித்துக்கொள்ளவில்லை என்று முழுவதுமாகச் சொல்லிவிடவும் முடியாது. பணம் ஒரு பெருந்தடையாக இருந்தது. நாவலர் 1872இல் வண்ணார்பண்ணையில் தொடங்கிய சைவாங்கில வித்தியாசாலை நான்கே ஆண்டுகளில் மூடப்பட்டது. அரசின் உதவிப்பணம் பெரும்பாலும் முன்பே நிலைபெற்றுவிட்ட மிஷன் பள்ளிகளுக்கே சென்றது. அவற்றின் அருகில் புதிதாக எழும் பள்ளிக்கு அது கிடைப்பது அரிதாயிருந்தது. ஆனால் பணத்தை மட்டும் காரணம் காட்டித் தப்பிக்கவும் இயலாது. அதே ஆண்டுகளில் கோயில்களுக்குத் தேரும் மண்டபமும் எழுந்துகொண்டுதான் இருந்தன. ஆண்பிள்ளைகளுக்கென 1890இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி என்ற பெயரே நிலைபெற்றுவிட்டது. பெண்ணுக்கு அதற்கு நிகரானதொன்று வருவதற்கு மேலும் இருபத்து மூன்று ஆண்டுகள் சென்றன. உடுவிலிலிருந்து கணக்கிட்டால் 89 ஆண்டுகள்.

அதைக் கொண்டுவந்த இராமநாதன், கோயில் திருப்பணியையும் பள்ளிப் பணியையும் ஒன்றாகவே கருதியவர். கொழும்பு கொச்சிக்கடையில் தந்தையார் எழுப்பிய பொன்னம்பலவாணேசர் கோயிலை முழுவதும் கருங்கல்லில் திரும்பக் கட்டியவர் அவர். அந்தத் திருப்பணி நிறைவெய்திய கையோடு மருதனார்மடத்துப் பள்ளியைத் திறந்தார். தம் பெருஞ்செல்வத்தை அதில் இட்டார். சைவப் பெண் ஆங்கிலமும் தமிழும் இசையும் கற்க வேண்டும்; காலையில் நீராடித் திருநீறு அணிந்து தேவாரம் ஓதிவிட்டு அவற்றைக் கற்க வேண்டும் என்பதே அவர் கருத்து. சாதிக் கட்டுப்பாடுகளில் அவர் பழைமையை விடாதவர் என்பதையும் சொல்லியாக வேண்டும். பள்ளிகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சமமாக ஒரே வரிசையில் அமர்வதை அவர் எதிர்த்தார். ஆகவே இங்கே பேசப்படும் தேர்வு எல்லாத் தந்தையர்க்கும் கிடைத்த தேர்வு அன்று. பொருளும் குடிப்பெருமையும் உடைய சிலர்க்கே அது கிடைத்தது.

இந்தச் சைவப் பள்ளிக்குத் தலைமையேற்க வந்தவர் யார் என்பது வியப்பூட்டும் செய்தி. புளோரன்ஸ் ஃபார் என்னும் ஆங்கில அம்மையார் அவர். இலண்டனில் புகழ்பெற்ற நாடக நடிகை. கவிஞர் யேட்சுக்கும் நாடக ஆசிரியர் பெர்னாட் ஷாவுக்கும் நெருங்கிய தோழி. இராமநாதனின் சமயக் கருத்துகளில் ஈடுபட்டு, தம் உடைமைகளை விட்டு, 1912இல் இலங்கைக்குக் கப்பலேறினார். இராமநாதனின் துணைவியார் லீலாவதி அம்மையாரும் ஆஸ்திரேலியாவில் பிறந்து சைவ நெறியைத் தழுவியவரே. ஆக, உடுவிலில் இருந்தவரும் வெள்ளைக்கார அம்மையார். மருதனார்மடத்திலும் வெள்ளைக்கார அம்மையார். வேற்று நாட்டார் கையில் பெண்ணை ஒப்படைப்பதா என்று தயங்கிய தந்தைக்கு இரண்டிலும் வேறுபாடு இல்லை.

வேறுபாடு இருந்த இடங்கள் வேறு. உடுவிலுக்குத் தொண்ணூறு ஆண்டு அனுபவம் இருந்தது. பெண் நோயுற்றால் பார்ப்பதற்கு ஆள், பழக்கப்பட்ட ஆசிரியைகள், ஒழுங்கு, நேரந்தவறாமை, ஊரெங்கும் பரவிய பழைய மாணவியர் எல்லாம் இருந்தன. மருதனார்மடமோ புதிது. நல்ல நோக்கம் ஒரு பள்ளியை நடத்திவிடாது என்பதை எந்தத் தந்தையும் அறிவார். மற்றொரு கவலையும் அவர் மனத்தில் ஓடியிருக்கும். அந்நாளில் யாழ்ப்பாணத்து இளைஞர்கள் மலாயாவுக்குக் கப்பலேறி, இரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் எழுத்தர்களாக அமர்ந்துகொண்டிருந்தனர். கடல் கடந்து குடித்தனம் நடத்தக்கூடிய, ஆங்கிலம் அறிந்த பெண்ணுக்கு மதிப்பு ஏறியிருந்தது. படிக்காத மகளுக்கு நல்ல இடம் அமைவது கடினம். உடுவிலில் படித்த மகள் எந்தச் சமயத்தவளாகத் திரும்புவாள் என்பது ஐயம். இந்த இரண்டு அச்சங்களுக்கும் நடுவில்தான் மருதனார்மடம் வந்து நின்றது. சைவப் பள்ளி என்பதற்காக மட்டும் அது விரும்பப்படவில்லை. சைவத்தை விடாமலே படிக்கவும் வைக்கும் என்பதற்காக விரும்பப்பட்டது. படிப்பில் அது தளர்ந்திருந்தால், எத்தனை தேவாரம் ஓதுவித்தாலும் பெற்றோர் உடுவில் பக்கமே நடந்திருப்பார்கள்.

பின்னர் 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், பெற்றோர் விரும்பாவிடில் பிள்ளையை வேற்றுச் சமயப் பாட வகுப்பிலிருந்து விலக்கிக்கொள்ள இடந்தந்தது. சட்டம் நல்லதே. ஆனால் அது விலக்கியது ஒரு பாட வேளையை மட்டும். விடுதியில் வாழும் பிள்ளைக்குக் காலை மணியும் மாலைப் பாட்டும் உண்ணும் முன் சொல்லும் வேண்டுதலும் அன்பான ஆசிரியையின் முகமும் பாடவேளைக்குள் அடங்குபவை அல்ல. இதை நன்கு உணர்ந்தவர்கள் மிஷனரிமார். அதனால்தான் இராமநாதனும் பகற்பள்ளியோடு நில்லாமல் விடுதியை வைத்தார்.

இன்று சென்னையிலும் மதுரையிலும் பேத்திக்கு ஆறாம் வகுப்பில் இடம் தேடும் வீடுகளில், கான்வென்ட்டா, சுவாமிகள் பெயரில் நடக்கும் வித்யாலயாவா என்று தாத்தாவும் பாட்டியும் மகனோடும் மருமகளோடும் வாதிடுவதுண்டு. அந்தப் பேத்தி மாலை நான்கு மணிக்கு வீடு திரும்புகிறாள். விளக்கேற்றும் நேரத்தில் பாட்டியின் அருகே அமர்கிறாள். கையில் எழுத்து இருக்கிறது. நாவலருக்குக் கிடைத்த முதல் அவளுக்கும் கிடைக்கக்கூடும், கொடுக்கும் நேரமும் பொறுமையும் வீட்டில் இருந்தால். பள்ளியைப் பற்றிய வாதம் முடிந்தபின் அந்த நேரத்தில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்குமானால், எந்தப் பள்ளியைத் தேர்ந்தும் பயன் சிறிதே. மருதனார்மடத்துத் தந்தைக்கு இந்த மாலைப்பொழுது இருக்கவில்லை. ஆகவே அவர் பள்ளியையே வீடாகப் பார்த்துத் தேர வேண்டியிருந்தது.

புளோரன்ஸ் அம்மையார் 1917இல் கொழும்பில் நோயுற்று இறந்தார். அவர் உடல் இந்து முறைப்படி தகனம் செய்யப்பட்டது. சாம்பலை இராமநாதனே களனி ஆற்றில் கரைத்தார். 1923இல் சைவ வித்தியா விருத்திச் சங்கம் தோன்றி ஊர்தோறும் சைவப் பள்ளிகளை எழுப்பத் தொடங்கியது. அந்தப் பள்ளிகளுக்குப் படித்த சைவ ஆசிரியைகள் தேவைப்பட்டனர். 1960, 1961ஆம் ஆண்டுகளில் இலங்கை அரசு உதவிபெறும் பள்ளிகளைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டபோது, இராமநாதன் கல்லூரி அரசுப் பள்ளியாயிற்று. உடுவில் கல்லூரி திருச்சபையின் கையிலேயே தங்கிவிட்டது. மருதனார்மடத்தில் இன்று இராமநாதன் பெயரால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் பிரிவும் இயங்குகிறது. இசையும் நடனமும் அங்கே கற்பிக்கப்படுகின்றன.