எடை குறைந்தவர்களின் பலம்

'பலசாலி' என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மில் பெரும்பாலோரின் மனக்கண்ணில் தோன்றுவது குன்றுபோன்ற ஓர் உருவம். தொலைக்காட்சி வளர்த்துவிட்ட பழக்கம் அது. 1977 இல் அமெரிக்காவில் தொடங்கிய 'உலகின் மிகப் பலசாலி மனிதர்' போட்டியில் இன்றுவரை உடல் எடைக்கு வரம்பில்லை. 2016 இல் 500 கிலோவைத் தரையிலிருந்து தூக்கி நிமிர்ந்த இங்கிலாந்தின் எடி ஹோலும், 2020 இல் 501 கிலோவைத் தூக்கிய ஐஸ்லாந்தின் ஹஃப்தோர் பியோர்ன்சனும் 180 கிலோவுக்கு மேற்பட்ட உடல்வாகு உடையவர்கள்.

ஆனால் இதே விளையாட்டில் 105 கிலோவுக்குக் கீழ், 90 கிலோவுக்குக் கீழ், 80 கிலோவுக்குக் கீழ் என்று எடைப்பிரிவுகள் வந்துவிட்டன. பெண்களுக்கும் அவ்வாறே பிரிவுகள் உண்டு. இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, கொழும்பில் உடற்பயிற்சி நிலையம் நடத்தும் நண்பர் ஒருவர், "சின்னப் பிரிவில் முதலாவதாக வருவதெல்லாம் ஒரு வெற்றியா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு எனது பதில் பதுளை மாவட்டத்துத் தோட்டங்களில் இருக்கிறது.

முதலில் ஒரு கணக்கு. தசையின் பலம் அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது; உடலின் எடையோ அதன் கனவளவைப் பொறுத்தது. உருவம் பெருக்கப் பெருக்க எடை வேகமாக ஏறும். பலம் அந்த வேகத்தில் ஏறாது. எறும்பு தன்னைவிடப் பல மடங்கு பாரத்தை இழுத்துச் செல்வதும் யானையால் அது முடியாதிருப்பதும் இதனால்தான். 1988 சியோல் ஒலிம்பிக்கில் 60 கிலோ பிரிவில் போட்டியிட்ட துருக்கியின் நயிம் சுலைமானோக்லு தலைக்குமேல் உயர்த்தியது 190 கிலோ. தன் உடல் எடையின் மூன்று மடங்குக்கும் அதிகம். பெரும் பிரிவுகளில் எவரும் இந்த விகிதத்தை எட்டியதில்லை. ஆகவே சிறிய பிரிவு என்பது ஆறுதல் பரிசு வழங்கும் இடமன்று. வேறு வகையான பலத்தை அளக்கும் இடம்.

எங்கள் நாட்டுக் கதையும் அதுவே. 2018 கோல்ட் கோஸ்ட் பொதுநலவாய விளையாட்டுப் போட்டியில் இலங்கை பெற்றவை ஒரு வெள்ளியும் ஐந்து வெண்கலமும். பளுதூக்கலில் 69 கிலோ பிரிவில் இந்திக்க திசாநாயக்க, 56 கிலோவில் சத்துரங்க லக்மால், பெண்கள் 48 கிலோவில் தினுஷா கோமஸ். மிகுதி மூன்றும் குத்துச்சண்டையில் 48, 49, 52 கிலோ பிரிவுகளில் கிடைத்தவை. ஆறு பதக்கங்களில் ஒன்றுகூட எழுபது கிலோவைத் தாண்டிய பிரிவில் இல்லை. 2022 பேர்மிங்ஹாமில் டிலங்க இசுறு குமார பெற்ற வெண்கலமும் 55 கிலோ பிரிவில்தான். இந்தத் தீவின் உடலுக்கு ஏற்ற வாசல் எதுவென்று இதற்குமேல் எவரும் சொல்லத் தேவையில்லை. ஆனால் இப்பெயர்களைத் திரும்பத் திரும்பப் படித்தாலும் ஒரு மலையகத் தமிழ்ப் பெயர் அகப்படவில்லை.

பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுல, ஹப்புத்தளை என்று ஊவாவின் தோட்டங்களில் நடந்து பார்த்தவர்களுக்கு, அங்கே பாரம் தூக்கத் தெரியாதவர் எவரும் இல்லை என்பது தெரியும். பல தோட்டங்களில் ஒரு நாள் பேருக்கு 18 கிலோ கொழுந்து கேட்கிறார்கள், குறைந்தால் அரைப்பேர். அந்தக் கொழுந்தைச் சுமந்துகொண்டு, மழையில் வழுக்கும் சரிவில் மடுவத்துக்கு நடக்கும் பெண்ணின் எடை பெரும்பாலும் ஐம்பது கிலோவுக்குள்தான் இருக்கும். உர மூட்டை ஒன்று ஐம்பது கிலோ. அதைத் தோளில் ஏற்றி மலை ஏறும் ஆண் அதைவிடப் பத்துக் கிலோதான் கூடுதலாக இருப்பான். பலசாலிப் போட்டிகளில் இரு கைகளிலும் பாரம் பிடித்து நடப்பதற்கும், மூட்டையைத் தோளில் ஏற்றி ஓடுவதற்கும் தனித்தனி நிகழ்ச்சிகள் வைத்துக் கைதட்டுகிறார்கள். எங்கள் சனம் இதைப் பிரட்டுக் களத்திலிருந்து அந்திவரை செய்கிறது. மணிக்கூடு வைத்து எவரும் நேரம் எடுப்பதில்லை.

ஓர் இடைக்குறிப்பு. திருநெல்வேலிச் சீமையின் வடலிவிளை போன்ற ஊர்களில் பொங்கலையொட்டி இன்றும் இளவட்டக்கல் தூக்குகிறார்கள். வெவ்வேறு எடையில் கற்கள் இருக்கும். கல்லைத்தான் நிறுத்திருப்பார்கள், ஆளையல்ல. மலையகத்தவரின் முன்னோர் புறப்பட்டு வந்த மாவட்டங்களுள் திருநெல்வேலியும் ஒன்று. அவர்கள் தெய்வங்களைக் கொண்டுவந்தார்கள், காமன் கூத்தைக் கொண்டுவந்தார்கள். கல்லைக் கொண்டுவந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. தோட்டத்தில் தூக்குவதற்குப் பாரத்துக்கா குறைவு?

பதுளை வின்சென்ட் டயஸ் மைதானத்தில் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தோட்டப் பாடசாலை ஆசிரியருடன் பேசிக்கொண்டிருந்தேன். அவருடைய மாணவர்கள் ஓட்டப் போட்டிக்கு வந்திருந்தார்கள். பளுதூக்கலில் ஏன் ஒருவரும் இல்லை என்று கேட்டேன். "எல்லாம் எலும்பும் தோலுமா இருக்குதுங்க சேர், இதுங்கள்ல யாரப் போய்ப் பாரம் தூக்கச் சொல்றது?" என்றார். எடைப்பிரிவு என்ற ஒன்று இருப்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் பலம் என்றால் பருமன் என்ற எண்ணம் நம் ஆசிரியர்கள், பெற்றோர், விளையாட்டு உத்தியோகத்தர் எல்லோரிடமும் ஊறிப்போயிருக்கிறது.

மீராபாய் சானுவைப் பாருங்கள். மணிப்பூரின் மலைக் கிராமமொன்றில் விறகு சுமந்து வளர்ந்தவர். அண்ணனால் தூக்க முடியாத விறகுக் கட்டைச் சிறுமியான அவர் தூக்கிவந்த கதையை இந்தியப் பத்திரிகைகள் ஓயாமல் எழுதிவிட்டன. உயரம் ஐந்தடிக்கும் குறைவு. 2021 இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் 49 கிலோ பிரிவில் மொத்தம் 202 கிலோ தூக்கி வெள்ளி வென்றார். அதே போட்டியில் 55 கிலோ பிரிவில் தங்கம் வென்று தன் நாட்டுக்கு முதல் ஒலிம்பிக் தங்கத்தைக் கொண்டுபோன பிலிப்பைன்ஸின் ஹிடிலின் டயஸ், தண்ணீர் சுமந்து வளர்ந்த பெண். விறகும் தண்ணீரும் எங்கள் லயத்துப் பிள்ளைகளும் சுமக்கிறார்கள். இல்லாதது அந்தப் பெண்களைக் கண்டெடுத்த கண்ணும், அதன்பின் கொடுத்த சாப்பாடும்.

சாப்பாடு என்று சொன்னேன். இங்கேதான் என் வாதத்தை நானே கொஞ்சம் மறித்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. எங்கள் பிள்ளைகள் சிறிய உடம்புக்காரர், ஆகவே சிறிய பிரிவு அவர்களுக்கு வரம் என்று பாடிவிட்டுப் போவது சுலபம். 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை மற்றும் சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் நாடு முழுவதிலும் 17.3 சதவீதம்; தோட்டத்துறையில் 31.7 சதவீதம். ஏறத்தாழ மூன்றிலொரு குழந்தை. அந்தச் சிறிய உடம்பில் ஒரு பகுதி பரம்பரை. ஒரு பகுதி பசி. இரண்டையும் ஒன்றாக்கி 'இயற்கையின் கொடை' என்று பெயர் சூட்டுவதை என்னால் ஏற்க முடியாது.

எடை குறைத்துப் பிரிவுக்குள் நுழையும் வழக்கமும் என்னை அச்சுறுத்துகிறது. 2024 பாரிஸில் மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகத், 50 கிலோ பிரிவின் இறுதிப் போட்டியன்று காலை வெறும் 100 கிராம் கூடியிருந்ததால் தகுதி இழந்ததை உலகமே பார்த்தது. முந்திய இரவு முழுவதும் உண்ணாமல், வியர்வை சிந்த உழைத்தும் அந்த நூறு கிராம் இறங்கவில்லை. உணவு நிபுணரும் மருத்துவரும் கூடவே இருந்த ஒருவருக்கே இந்த நிலை. கம்பளியைப் போர்த்திக்கொண்டு தண்ணீர் குடிக்காமல் ஓடு என்று பதினைந்து வயதுத் தோட்டத்துப் பையனிடம் ஒரு பயிற்றுநர் சொன்னால், அது பயிற்சியாகாது. வளரவேண்டிய பிள்ளையின் எடையைக் குறைப்பவரை விளையாட்டுப் பக்கமே அண்டவிடக் கூடாது. பிள்ளை வளர்ந்து அடுத்த பிரிவுக்குப் போனால் போகட்டும்.

இன்னொரு பக்கம், வாசலே ஒடுங்கி வருகிறது. சியோலில் ஆண்களுக்கான மிகக் குறைந்த பிரிவு 52 கிலோ. 1996 இல் அது 54 ஆகி, 2000 இல் 56 ஆகி, டோக்கியோவிலும் பாரிஸிலும் 61 ஆனது. சியோலில் பத்துப் பிரிவுகள் இருந்தன. பாரிஸில் ஆண்களுக்கு ஐந்து. 2025 ஜூன் முதல் சர்வதேசச் சம்மேளனத்தின் பட்டியலிலேயே ஆண்களின் அடிமட்டம் 60 கிலோ. இசுறு குமார வென்ற 55 கிலோ பிரிவு மறைந்துவிட்டது. இடம் போதாது, வீரர்களின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும் என்று ஒலிம்பிக்காரர் காரணம் சொல்கிறார்கள். வெட்டு விழும்போது கீழ்த்தட்டும் சேர்ந்தே போகிறது. தெற்காசியாவின் சம்மேளனங்கள் ஒன்றுசேர்ந்து குரல் எழுப்பியிருக்க வேண்டிய விடயம் இது.

அதனால்தான் பலசாலிப் போட்டிகளின் சிறிய பிரிவுகள் வளர்வதை நான் வரவேற்கிறேன். 80 கிலோவுக்குக் கீழ் என்பதும் எங்கள் பையன்களுக்குப் பெரிய எடைதான். அறுபது, எழுபது என்று இன்னும் கீழே இறங்க வேண்டும். நம் மாகாணத்திலேயே தொடங்கலாம். எந்தச் சம்மேளனத்தின் அனுமதிக்கும் காத்திருக்கத் தேவையில்லை. பளுதூக்கலுக்கு 20 கிலோ, 15 கிலோ உருக்குத் தண்டுகளும் மேடையும் வேண்டும். அவை விலை கூடியவை. இதற்கு மணல் மூட்டையும் உருட்டிய கல்லும் ஒரு தராசும் போதும். தராசு ஒவ்வொரு மடுவத்திலும் இருக்கிறது.

மாகாண விளையாட்டுத் திணைக்களமும் தொழிற்சங்கங்களும் ஆண்டுதோறும் தோட்டங்களுக்குக் கிரிக்கெட் மட்டையும் கரப்பந்தும் வழங்கிப் படம் பிடித்துக்கொள்கின்றன. பந்து கொடுப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. அடுத்த முறை பசறைக்கோ ஹப்புத்தளைக்கோ போகிறவர்கள் ஒரு பயிற்றுநரையும், பயிற்சி முடிந்ததும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு முட்டையும் ஒரு கோப்பைப் பாலும் கொடுப்பதற்கான பணத்தையும் கையோடு கொண்டுபோகட்டும். ஆறு மாதத்துக்கு, ஒரு தோட்டத்தில் மட்டும்.