நாணலுக்குப் பச்சை ஸாக்ஸ்

தீர்த்தமலைக்குப் போகிறவர்கள் முதலில் தென்பெண்ணைக் கரையில் அனுமந்தீர்த்தத்தில் ஒரு முழுக்குப் போட வேண்டும். அப்புறம்தான் மலையேறி ராமர் தீர்த்தத்தில் தலையைக் கொடுக்கலாம். அதுதான் முறை. மாசியில் ஆபீஸ் நண்பர் ஒருவருடன் போயிருந்தேன். அரூர் தாண்டும்வரை இன்க்ரிமென்ட் பற்றியே பேசி வந்தவர், ஆறு தேங்கி நின்ற ஓரத்தைப் பார்த்ததும் வேட்டியை மடித்த கையோடு நின்றுவிட்டார்.

"என்ன ஸார், நாணலெல்லாம் ஸாக்ஸ் போட்டிருக்கு?"

நிஜம்தான். தண்ணீருக்குள் இருந்த தண்டு ஒவ்வொன்றிலும் கனமாகப் பச்சைப் பாசி.

ஏரியானாலும் தேங்கின ஆறானாலும் இதற்கு ஒரு சீஸன் உண்டு. ஐப்பசி, கார்த்திகை வெள்ளம் வந்தால் தண்டுகளைக் கழுவிவிடும். தை பிறந்து தண்ணீர் தெளிந்து வெயில் உள்ளே இறங்கியதும் முதலில் வந்து ஒட்டுவது டயாட்டம் என்கிற நுண்பாசி. பழுப்பாக ஒரு வழவழப்பு, அவ்வளவே. அப்புறம் நூல் நூலாகப் பச்சைப் பாசி. சித்திரையில் தண்ணீர் வற்றினால் அதுவே காய்ந்து பழந்துணி மாதிரி தொங்கும். நாணல் பாவம், வாடகை வாங்காத வீட்டுக்காரர். சாப்பாடெல்லாம் தண்ணீரிலிருந்துதான்.

கொஞ்சமாக இருந்தால் நல்லது. நத்தைக்கும் மீன்குஞ்சுக்கும் அது மேய்ச்சல் நிலம். தடித்துப் போனால்தான் வில்லங்கம். ராத்திரியில் பாசிக்கும் ஆக்ஸிஜன் வேண்டுமே! விடியற்காலையில் மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு மேலே வரும்.

கனடாவில் 1973-ல் ஓர் ஏரியை நடுவில் திரை போட்டுப் பிரித்தார்கள். இரண்டு பக்கமும் கார்பன், நைட்ரஜன் கலந்தார்கள். ஒரு பக்கம் மட்டும் கூடவே பாஸ்பரஸ். அந்தப் பக்கம்தான் பச்சைப் பசேலென்று ஆனது.

நம்ம ஆற்றுக்குப் பாஸ்பரஸ் ஏது? வயலில் போடும் டி.ஏ.பி. ஒரு பக்கம். இன்னொரு பக்கம் பெங்களூர் சாக்கடை. 2015-ல் நுரை தீப்பற்றி எரிந்ததே, அந்த பெல்லந்தூர் ஏரித் தண்ணீர் வர்த்தூர் ஏரி வழியாகத் தென்பெண்ணையில்தான் சேருகிறது. ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் நுரை. கிருஷ்ணகிரி அணையில் பச்சைத் தண்ணீர். அதற்கும் கீழேதான் நாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு முழுகும் இடம்!

சாக்கடையை இன்றைக்கே நிறுத்தினாலும், அணைச் சேற்றில் படிந்த பாஸ்பரஸ் வருஷக்கணக்கில் கசிந்துகொண்டிருக்கும். பாசியை வாரிக் கரையிலேயே குவிக்கிறார்களே, அதுவும் வீண். அடுத்த மழைக்கு அத்தனையும் உள்ளே போய்விடும். வாரினால் வண்டியில் ஏற்றித் தூரமாகக் கொண்டுபோக வேண்டும்.