ரொறன்ரோவில் இருந்து வரவிருந்த ஒரு ஸ்கோப்

வெள்ளவத்தையில் எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றின் மகன் பாடசாலையில் வாயுத் துப்பாக்கி சுடும் அணியில் சேர்ந்திருக்கிறான். பத்து மீற்றர் தூரத்தில் இருக்கும் காகித இலக்கைக் குறிபார்த்துச் சுடும் விளையாட்டு. ரொறன்ரோவில் இருக்கும் அவனுடைய மச்சானுக்கும் துப்பாக்கியில் ஆர்வம். அங்கே உரிமத்தோடு .22 ரைபிள் ஒன்று வைத்திருக்கிறார். புதிதாக ஒரு ஸ்கோப் வாங்கியதால் பழையது சும்மா கிடக்கிறது, அதைத் தம்பிக்கு அனுப்பட்டுமா என்று வீடியோ அழைப்பில் கேட்டிருக்கிறார். பையனுக்குச் சந்தோஷம். பக்கத்தில் இருந்த தகப்பன் தொலைபேசியை வாங்கிச் சொன்னது இவ்வளவுதான்: "உதை இஞ்ச அனுப்பிப் போடாதை, தம்பி. அதைப்பற்றி ஃபோனிலயும் கதைக்காதை."

ரொறன்ரோக்காரருக்கு விளங்கவில்லை. அவர் 2009க்குப் பிறகு வளர்ந்த பிள்ளை. ஸ்கோப் என்பது குழாய்க்குள் சில கண்ணாடி வில்லைகள். அதனால் யாரையும் சுட முடியாது. தர்க்கத்தின்படி அவர் சொல்வது சரி. தகப்பன் சொன்னதும் சரி. இந்த இரண்டு சரிகளுக்கும் நடுவில்தான் கொழும்பில் வாழும் தமிழரின் நிலைமை இருக்கிறது.

முதலில் மச்சானின் பக்கத்தைப் பார்ப்போம். .22 என்பது குழலின் விட்டம்: 0.22 அங்குலம், ஏறக்குறைய 5.6 மில்லிமீற்றர். ரிம்ஃபயர் என்றால், தோட்டாவின் அடிவிளிம்புக்குள்ளேயே பற்றவைக்கும் இரசாயனம் பூசப்பட்டிருக்கும். சுத்தியல் அந்த விளிம்பில் அடித்தால் வெடிக்கும். இன்று உலகம் முழுவதும் புழங்கும் .22 லோங் ரைபிள் தோட்டா 1887இல் அமெரிக்காவில் அறிமுகமானது. விலை குறைவு, உதைப்பு இல்லை, சத்தமும் குறைவு. ஆகவே சுடப் பழகுகிறவர்களும் முயல் வேட்டைக்காரரும் இதைத்தான் எடுப்பார்கள். ஆனால் விளையாட்டுச் சாமான் என்று எண்ணிவிடக்கூடாது. இரண்டரைக் கிராம் ஈயம்தான் என்றாலும், குழலை உயர்த்திச் சுட்டால் ஒன்றரைக் கிலோமீற்றருக்கும் அப்பால் போய் விழும்.

கனடாவில் உரிமம் எடுத்தவருக்கு ரைபிளை வாங்கியபின்தான் செலவே தொடங்குகிறது. ஸ்கோப், தாங்குகால், தோள்வார், இலகுவான விசை, கன்னத்துக்கு உயரம் கூட்டும் கட்டை. ஸ்கோப்பிலும் .22க்கென்று தனி வகை உண்டு. பெரிய ரைபிள்களின் ஸ்கோப்புகள் பொதுவாக நூறு யார் தூரத்தை வைத்துத் திருத்தப்பட்டிருக்கும், .22க்கானவை ஐம்பது யாரை வைத்து. மாறி வாங்கினால் கண்ணைச் சற்று அசைத்தாலே குறி நகர்ந்ததுபோல் தெரியும். இதெல்லாம் அங்கே கடைக்காரரோடு மணிக்கணக்கில் கதைக்கும் விஷயம். ஆனாலும் கனடா கண்ணை மூடிக்கொண்டு இருக்கவில்லை. சைலன்சர் அங்கே தடைசெய்யப்பட்ட சாதனம். கைத்துப்பாக்கி வாங்குவதும் விற்பதும் 2022 ஒக்ரோபரில் இருந்து முடக்கப்பட்டிருக்கிறது. பிரித்தானியாவோ, 1996இல் டன்பிளேன் பாடசாலையில் 16 பிள்ளைகளும் ஓர் ஆசிரியையும் கொல்லப்பட்டதன் பிறகு, .22 கைத்துப்பாக்கியைக்கூட விட்டுவைக்கவில்லை.

அங்கே அரசு கேட்பது, இந்தப் பொருள் எவ்வளவு ஆபத்தானது என்று. இங்கே கேட்கப்பட்ட கேள்வி வேறு: இது யாருடைய வீட்டில் இருந்தது?

2005 ஓகஸ்ட் 12ஆம் திகதி இரவு, வெளிநாட்டமைச்சர் லக்ஷ்மன் கதிர்காமர் கொழும்பு புல்லர்ஸ் லேனில் தன் வீட்டில் வைத்துச் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் பதுங்கியிருந்தது அயல்வீட்டின் மேல்மாடியில். அதன் பிறகு ஜன்னல், மாடி, தூரத்தைக் கிட்டக் காட்டும் கண்ணாடி என்பவையெல்லாம் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வேறு அர்த்தம் பெற்றன. தேடுதலுக்கு வருபவர்கள் அலுமாரியைக் கிளறும்போது, கமெரா முக்காலிக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. எங்கள் வீட்டில் பறவை பார்க்க வைத்திருந்த ஒரு பைனாகுலர் இருந்தது. அம்மா அதைப் பழைய சேலையில் சுற்றி, கீழ்மாடியில் இருந்த சிங்களக் குடும்பத்திடம் கொடுத்துவைத்தார். அவர்கள் நல்லவர்கள், ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. யுத்தம் முடிந்தும் நாங்கள் அதைத் திருப்பிக் கேட்கவில்லை.

2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலையில் கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை, புறக்கோட்டை லொட்ஜ்களில் தங்கியிருந்த 376 தமிழர் பஸ்களில் ஏற்றிக் கொழும்பை விட்டு அனுப்பப்பட்டார்கள். அவர்களிடம் துவக்கும் இல்லை, துவக்கின் பாகமும் இல்லை. 'தகுந்த காரணம் இல்லாமல்' தலைநகரில் இருக்கிறார்கள் என்பதே குற்றம். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது, பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க பிறகு மன்னிப்புக் கேட்டார். அதே ஆண்டு டிசம்பர் முதல் வாரத்தில், குண்டுவெடிப்புகளுக்குப் பின் இரண்டாயிரத்துக்கும் அதிகமான தமிழர் சுற்றிவளைப்பில் பிடிக்கப்பட்டனர். பலர் பூஸா முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். இதைப் பார்த்து வளர்ந்த ஒரு தகப்பன் ஸ்கோப் வேண்டாம் என்கிறார். அதைப் பயந்த சுபாவம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

சரி, அது அந்தக் காலம், இப்போது யார் துவக்கோடு திரிகிறார்கள்?

2025 பெப்ரவரி 19ஆம் திகதி புதுக்கடை நீதிமன்றத்தில், கணேமுல்ல சஞ்சீவ எனப்பட்ட பாதாள உலகத் தலைவர் கூண்டில் நிற்கும்போது சுடப்பட்டார். சட்டத்தரணி போல் உடுத்து வந்தவர் சுட்டார். ரிவோல்வர் வந்தது உள்ளே குடைந்தெடுக்கப்பட்ட ஒரு சட்டப் புத்தகத்துக்குள். இரண்டு நாள் கழித்து இரவில் கொட்டாஞ்சேனையில் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தக் கொலையில் கைதான இரு சந்தேக நபர்களும் விடிவதற்குள் பொலிஸாரின் சூட்டில் செத்துப்போனார்கள். ஆயுதத்தைக் காட்டக் கூட்டிப்போன இடத்தில் தாக்கினார்கள் என்பது வழக்கமான விளக்கம். இந்த விளக்கத்தைத் தமிழர் நாற்பது வருடமாகக் கேட்டு வருகிறோம்.

பாதாளக் குழுக்களின் கையில் இருப்பது .22 அல்ல. பிஸ்டல்களும், இராணுவத்தின் அடிப்படை ஆயுதமான ரி-56உம்தான். இராணுவ முகாமில் இருந்து எழுபதுக்கும் அதிகமான ரி-56கள் பாதாளக் குழுக்களுக்குப் போனதை 2025இல் அரசாங்கமே சொன்னது. அவற்றில் ஒரு பகுதிதான் மீட்கப்பட்டது. துப்பாக்கிதாரிகளில் படையை விட்டு ஓடியவர்களும் இருக்கிறார்கள். ஆக, யுத்தம் நடத்த வாங்கிய துவக்கு, யுத்தம் நடத்தப் பழகிய கை, இரண்டும் அரசின் களஞ்சியத்தில் இருந்தே வெளியே வந்திருக்கின்றன. தேடுதல் மட்டும் அந்தக் காலத்தில் எங்கள் அலுமாரியில் நடந்தது.

அனுமதிப்பத்திரத்தோடு வைத்திருப்பவர்கள் பக்கமும் ஒரு கதை உண்டு. தற்பாதுகாப்புக்கெனத் துப்பாக்கி பெற்றவர்கள் 2024 நவம்பர் 7ஆம் திகதிக்கு முன் அவற்றைத் தற்காலிகமாக ஒப்படைக்க வேண்டும் என்று பாதுகாப்பு அமைச்சு அறிவித்தது. யாருக்கு ஏன் கொடுக்கப்பட்டது என்று மீளாய்வு செய்யத்தான். நல்ல முடிவு, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அரசியல்வாதிகளும் பணக்கார வியாபாரிகளும் அடுத்தடுத்த ஆட்சிகளில் சேர்த்துக்கொண்ட துப்பாக்கிகள் ஒருமுறையாவது எண்ணப்பட்டன. ஆனால் எண்ணியவர்கள், எந்த மாவட்டத்தில் யாரிடம் எத்தனை என்று பொதுமக்களுக்கும் சொல்ல வேண்டும். கொழும்பு 7இல் எத்தனை, முல்லைத்தீவில் எத்தனை என்று பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பல விஷயம் விளங்கும்.

முல்லைத்தீவைச் சும்மா இழுக்கவில்லை. சின்னத் துவக்கு உண்மையில் தேவைப்படும் இடம் வெள்ளவத்தை அல்ல, வன்னி. பன்றி நிலக்கடலையைக் கிளறுகிறது, குரங்கு தென்னையில் குரும்பையைப் பிடுங்கி எறிகிறது, யானை வேலியோடு வீட்டையும் தள்ளுகிறது. எண்பதுகளுக்கு முன் எங்கள் கிராமங்களில் அனுமதிப்பத்திரம் உள்ள வேட்டைத் துவக்கு பல வீடுகளில் இருந்தது. பிறகு இயக்கங்கள் வந்து கேட்டு வாங்கிப்போயின, மிச்சத்தை அரசு எடுத்தது. யுத்தம் முடிந்து வயலுக்குத் திரும்பியவனிடம் துவக்கும் இல்லை, முன்பு இருந்ததற்கான பத்திரமும் இல்லை. புதிதாக விண்ணப்பித்தால் பொலிஸ் அறிக்கை வேண்டும். தடுப்பிலோ புனர்வாழ்விலோ இருந்து வந்தவர், அல்லது அவருடைய அண்ணன், அந்த வாசலுக்குப் போவாரா?

அதனால் என்ன நடக்கிறது? கொல்லன் பட்டறைக் குழாயில் இடியன் துவக்கு. பற்றைக்குள் நூல் இழுத்து வைக்கும் கட்டுத் துவக்கு. தீனிக்குள் ஒளித்து வைக்கும் பன்றி வெடி. நூல் பன்றியின் காலையும் பார்ப்பதில்லை, விறகு பொறுக்கப் போகிறவரின் காலையும் பார்ப்பதில்லை. பன்றி வெடியைக் கடித்த யானைக்குட்டி தாடை சிதைந்து, தின்ன முடியாமல் நாட்கணக்கில் கிடந்து சாகிறது. 2023இல் மட்டும் இலங்கையில் 488 யானைகள் இறந்தன, யானை தாக்கி 184 மனிதர் இறந்தனர். விவசாய அமைச்சர்களோ ஒருவர் ஒரு இலட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பலாம் என்றார் (2023), இன்னொரு ஆட்சி 2025 மார்ச் 15ஆம் திகதி காலையில் ஐந்து நிமிடம் குரங்கையும் மயிலையும் எண்ணச் சொன்னது. உரிய அனுமதியோடு, கிராமத்துக்கு இத்தனை என்று கணக்கு வைத்து, பயிர்க்காவலுக்குத் துவக்கு கொடுப்பது கட்டுத் துவக்கை விடப் பலமடங்கு பாதுகாப்பானது. வடக்கு கிழக்கில் அதைச் சொல்வதற்கே ஆளில்லை, ஏனென்றால் 'தமிழருக்குத் துவக்கு' என்று தெற்கில் தலைப்பு வரும்.

இனி அந்தப் பொதிக்கு வருவோம், ஏனென்றால் இதே கேள்வி இன்னும் பல வீடுகளில் வரும். எங்கள் துப்பாக்கிக் கட்டளைச் சட்டம் 1916இல் வெள்ளைக்காரன் போட்டது, 1915 கலவரத்துக்கு அடுத்த வருடம். 1996இல் கடுமையாக்கப்பட்டு, தானியங்கித் துப்பாக்கி வைத்திருந்தால் ஆயுள் தண்டனை வரை போகும். துப்பாக்கியோ அதன் பாகமோ நாட்டுக்குள் வர முன்கூட்டிய அனுமதி வேண்டும். 'ஸ்கோப் பாகமா, வெறும் கண்ணாடியா' என்பது சட்டத்தரணிகள் வாதாடக்கூடிய விஷயம். அந்த வாதத்தைச் சுங்கத்தின் மேசையில் நின்று நடத்துவதா, விளக்கமறியலில் இருந்து நடத்துவதா என்பதுதான் எங்கள் பிரச்சினை. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் ஒருவரை வழக்கில்லாமல் 18 மாதம் வைத்திருக்க முடிந்தது. 2022 திருத்தத்தால் அது 12 மாதமாயிற்று. குறைத்துவிட்டோம் என்றார்கள். 12 மாதம் என்பது ஒரு பிள்ளைக்கு உயர்தரப் பரீட்சை போய்விடும் காலம். அமெரிக்காவில் இருந்து அனுப்புவதானால் இன்னொரு சிக்கலும் உண்டு: துப்பாக்கி ஸ்கோப்புகள் அங்கேயே ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கின்றன.

இதில் வேடிக்கை என்னவென்றால், பையனுக்கு அந்த ஸ்கோப் தேவையே இல்லை. சர்வதேசப் போட்டி விதிப்படி பத்து மீற்றர் வாயு ரைபிளிலும் சரி, .22 பயன்படும் ஐம்பது மீற்றர் போட்டியிலும் சரி, பெரிதாக்கிக் காட்டும் ஸ்கோப்புக்கு அனுமதி இல்லை. சிறு துவாரத்தினூடாகப் பார்க்கும் குறியமைப்புத்தான். ரைபிளின் நிறைக்கும் உச்ச வரம்பு உண்டு, வாயு ரைபிளுக்கு 5.5 கிலோகிராம். சுடுபவருக்கு உதவுவது உடம்பை அசையாமல் பிடிக்கும் விறைப்பான ஜக்கெற், ரைபிளைத் தாங்கும் கைக்குக் கையுறை, தோளுக்கு ஏற்ப நகரும் அடித்தட்டு. பாடசாலைப் பிள்ளை ஒன்று முதலில் வாங்க வேண்டியது கையுறை, பிறகு ஜக்கெற். மற்றதெல்லாம் பயிற்சி.

பயிற்சிதான் அடுத்த தடை. இந்த நாட்டில் தரமான சுடுதளங்களில் பெரும்பகுதி படைகளின் கையில் இருக்கிறது. டோக்கியோ ஒலிம்பிக்கில் பத்து மீற்றர் வாயு ரைபிளில் இலங்கைக்காகச் சுட்ட தெஹானி எகொடவெலவும் இராணுவத்தைச் சேர்ந்தவரே. மேலே போக விரும்பும் பிள்ளை என்றைக்கோ ஒருநாள் முகாம் வாசலில் அடையாள அட்டையைக் காட்டி உள்ளே போக வேண்டும். தகப்பனுக்கு இது தெரியும். விளையாட்டை விடச் சொல்லவில்லை அவர். போட்டிக்குக் கூட்டிப்போய், வெளியே காருக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

போன கிழமை ரொறன்ரோவில் இருந்து மறுபடி அழைப்பு வந்தது. ஸ்கோப்பை விட்டாயிற்று, கையுறையும் ஜக்கெற்றும் அனுப்புகிறேன் மாமா, அதிலே ஒரு பிரச்சினையும் இல்லை என்றார் மச்சான்.

"நல்லது தம்பி, அனுப்பு," என்றார் தகப்பன். சற்றுப் பொறுத்து, "அந்த ஜக்கெற் என்ன நிறம்?" என்று கேட்டார்.