இரண்டு தடவை பூட்டப்படும் கடிகாரம்

ஜேர்மனியின் கிளாஸ்ஹூட்டே என்ற சிற்றூரில் 1845இல் ஆரம்பமான லாங்கே நிறுவனம் 1948இல் அரசுடைமையாக்கப்பட்டது. ஸ்தாபகரின் கொள்ளுப்பேரன் வால்டர் லாங்கே 1990இல், தமது 66ஆவது வயதில் அதனை மீண்டும் பதிவுசெய்தார். விற்பதற்கு அப்போது ஒரு கடிகாரமும் இருக்கவில்லை. ஆனால் ஊரில் கடிகாரத் தொழில் அற்றுப்போகவில்லை, கைப்பழக்கமுள்ளவர்கள் இருந்தார்கள். அதுதான் உண்மையான முதல் என்பேன்.

1999இல் வந்த அவர்களது டட்டோகிராஃபைப் பாருங்கள். ஓடும் விநாடி முள்ளை நிறுத்தாமலே ஒரே அழுத்தலில் பூச்சியத்திலிருந்து மறுபடி ஓடவைக்கலாம். பூட்டி, சரிபார்த்து, முற்றாகக் கழற்றி, மெருகூட்டி, மீண்டும் பூட்டுகிறார்கள். உள்ளே சிறு பாலமொன்றில் பூவேலை, கையால் செதுக்கியது. அதுவும் முதுகுப்பக்கத்தில்!

மலிவான குவார்ட்ஸ் மணிக்கூடு இதைவிடச் சரியாக நேரம் காட்டும். விலை அதிகம் என்போருடன் எனக்கு வாதமில்லை. அந்த இரண்டாவது பூட்டலை வீண் செலவு என்போருடன்தான் நான் உடன்படமாட்டேன்.