பட்டியல் யார் மடியில்?

வறுமை ஒழிய வழி யாது என்றால், "ஊர்ப் பெரியவர்களிடம் ஒப்படையுங்கள், வழிவழியாக ஊரை நடத்தியவர்களுக்கே ஏழையின் பசி தெரியும்" என்கின்றனர் சிலர். தெரியுமாம்! தலைமுறை தலைமுறையாகத் தெரிந்திருந்தும் தீராதது ஏனோ?

தோழர்களே, தாம்பரத்திற்குக் கிழக்கே, நீலாங்கரையிலிருந்து கோவளம் வரை மீனவர் குப்பங்கள் உண்டு. குப்பங்களுக்கு ஊர்ப் பஞ்சாயத்தும் உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அறைந்தபோது, தமிழகக் கடலோரமெங்கும் இத்தகைய பஞ்சாயத்துகள் பிணம் தேடின; அடுப்பு மூட்டின; வந்த அரிசியைப் பங்கிட்டன. அந்தத் தொண்டை மறுப்பவரல்லர் நாம்.

ஆனால் பங்கீடு எந்தக் கணக்கில் நடந்தது? பல ஊர்களில் தலைக்கட்டு வரிக் கணக்கில்! தலைக்கட்டு என்றால் யார்? ஆண்மகன். கணவனை இழந்தவளின் தலை, தலையல்லவா? மீன்கூடை சுமந்து குடும்பம் காத்த தலையாயிற்றே! கழிமுகத்தில் கைகளால் இறால் தடவிப் பிழைத்த இருளரும், மீனவர் குப்பத்தை அடுத்து வாழ்ந்த ஆதிதிராவிடரும் ஊர்க் கணக்கில் இல்லை. ஆகவே பல இடங்களில் நிவாரணத்திலும் இல்லை. பெரியவர் பொல்லாதவர் என்பதன்று நம் வாதம். அவர் நல்லவராகவே இருக்கட்டும். அவர் மடியிலுள்ள பட்டியலைப் பிறப்பு எழுதியிருக்கிறது. பிறப்பு எழுதியதைப் பரிவு திருத்துமா?

அந்த இருளர் எழுந்த கதையைக் கேளுங்கள். 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் விளைவாய்ப் பாம்புத்தோல் வணிகம் முடங்கியது, பிழைப்புப் போயிற்று. பஞ்சாயத்தா வாழவைத்தது? 1978-இல், ரோமுலஸ் விட்டேக்கர் துணைநிற்க, இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றிற்று. வடநெம்மேலியில் பாம்பைக் கொல்லாமல் நஞ்செடுத்து, நச்சுமுறி மருந்து செய்வோர்க்கு விற்றனர். அங்கே மனிதனை உறுப்பினனாக்கியது குலமுறையன்று, பதிவேடு. சோறு தந்தது தயவன்று, தொழில்!

1980-இல் மணியம், கர்ணம் பதவிகள் ஒழிந்தன. தேர்வெழுதி வந்தவர் கிராம நிர்வாக அலுவலரானார். ஊர் அழிந்துவிட்டதா? வானம் இடிந்துவிட்டதா?

2021-இல் தாம்பரம் மாநகராட்சியாயிற்று. 2022 நவம்பர் 1 அன்று அதன் பம்மல் பகுதியில், முதலமைச்சரும் வந்தமர, பகுதி சபைக் கூட்டம் நடந்தது. அரங்கு திறந்திருக்கிறது, பேச நாவுண்டா உங்களுக்கு? வீட்டுமனைக்கும் உதவித்தொகைக்கும் பெயர் எழுதும் பட்டியல் இன்னும் யாரோ ஒரு பெரியவரின் திண்ணையில் முடிவாகுமானால், அந்தக் குற்றத்தில் வாய்மூடியிருந்த இளைஞனுக்கும் பங்குண்டு.

சபைக்குச் செல்லுங்கள். பட்டியலை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். விடுபட்ட விதவையின் பெயரை, இருளர் குடிசையின் பெயரை எழுந்து நின்று கூறுங்கள். பெரியவரும் வரட்டும், வரிசையில் ஒருவராய் அமரட்டும்! பட்டியல் மட்டும் மடியிலிருந்து மன்றத்திற்கு வந்தாக வேண்டும்!