விளக்கு இருந்தும் இருட்டா?



சில ஆண்டுகளுக்கு முன், பக்கத்துத் தோட்டத்தில் மாடு தேடிப் போன பெரியவர் ஒருவர் பொழுது சாய்ந்தும் வீடு திரும்பவில்லை. இருபது பேர் தலைவிளக்கு மாட்டிக்கொண்டு செம்பனைக் காட்டுக்குள் இறங்கினோம். ஆளுக்கொரு பக்கம் ஓட்டம், ஆளுக்கொரு கூச்சல். விடிந்த பிறகுதான், நாம் இருமுறை கடந்துபோன வடிகால் பள்ளத்தில் கால் முறிந்து கிடந்தவரைக் கண்டோம். "கூப்புட்டேன்யா, ஒருத்தன் காதுலயும் விழலையே!" என்றார். நமக்குத் தலை குனிவாகிவிட்டது.

அன்று விளக்குக்குக் குறைவில்லை, முறைதான் இல்லை.

யாராவது காணாமல் போனால் முதலில் 999க்குச் சொல்லிவிட வேண்டும். பிறகு ஆள் கணக்கெடுத்து, நிரைக்கு ஒருவராக, பக்கத்து விளக்கு கண்ணில் படும் தூரத்தில் சீராக நடக்க வேண்டும். அடுத்தவரிடம் பேசும்போது விளக்கைத் தரைக்குத் தாழ்த்துங்கள். வெளிச்சம் அடித்த கண் மறுபடி இருட்டுக்கு நன்கு பழக 20, 30 நிமிடம் பிடிக்கும். நடக்கக் குறைந்த வெளிச்சம் போதும். தூரம் பார்க்க மட்டும் கூட்டுங்கள். பேட்டரி விடியும்வரை தாங்க வேண்டுமே! மூடுபனியில் விளக்கைக் கழற்றி இடுப்பளவில் பிடித்தால் கண் கூசாது. அப்படித் தாழ்த்திப் பிடித்தால் கால்தடமும் நிழல் விழுந்து தெரியும். மரத்துக்குப் பின்புறமும் திரும்பிப் பாருங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியம் இது: சில நிமிடத்துக்கு ஒருமுறை எல்லாரும் நின்று, ஒரே குரலில் பேர் சொல்லிக் கூப்பிட்டு, விளக்கை அணைத்து, வாயை மூடிக் காது கொடுக்க வேண்டும். அன்று அதைச் செய்திருந்தால் பெரியவர் இரவெல்லாம் கிடந்திருப்பாரா?

ஆபத்து பகல் பார்த்து வருவதில்லை. 2022 டிசம்பர் 16ஆம் நாள் பத்தாங்காலியில் மண் சரிந்து 31 உயிர்கள் போனதும் இருட்டில்தான்.

நிர்வாகத்துக்கும் ஒரு வார்த்தை. வேலையிடத்தில் தொழிலாளியின் பாதுகாப்பு முதலாளியின் கடமை என்கிறது 1994ஆம் ஆண்டுச் சட்டம். நல்ல விளக்குகள், மாற்று பேட்டரி, விசில் ஆகியவை ஆபீசில் தயாராக இருக்கட்டும். ஆண்டுக்கு ஒருமுறை இருட்டில் பயிற்சியும் நடக்கட்டும். உடன் வேலை செய்யும் இந்தோனேசிய, வங்காளதேசத் தோழர்களையும் சேர்த்துக்கொள்வோம். பால் வெட்டச் சொந்தக் காசில் வாங்கிய விளக்கைத்தான் ஆள் தேடவும் எடுத்துப் போகிறோம். விளக்கு நம் தலையில் இருக்கட்டும்; செலவும் நம் தலையிலா?

அடுத்த கிளைக் கூட்டத்தில் இதைப் பேசுவோம், கேட்டு வாங்குவோம்!