அப்டேட் வந்தா அழிஞ்சுபோற திருத்தம் எதுக்கு?

உபுண்டு, டெபியன் போட்ட லேப்டாப்பில் தமிழ் விசைப்பலகை நமக்குப் பழகின மாதிரி வேலை செய்யவில்லை என்று வையுங்கள். தேடினால் கிடைக்கிற அறிவுரை பெரும்பாலும் ஒன்றுதான்: சூடோ போட்டுக் கோப்பைத் திற, வரியை மாத்து, சேவ் பண்ணு, முடிஞ்சது. ரெண்டு மாசம் நல்லாத்தான் ஓடும். பிறகு ஒரு நாள் அப்டேட் வரும், மாத்தின வரி காணாமல் போயிருக்கும். உங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்காது. இந்த அறிவுரையைக் கொடுக்கிறதை நாம் நிறுத்த வேண்டும் என்பது எங்கள் கருத்து.

நமக்குள்ளே நடந்தால் பரவாயில்லை, திரும்ப மாத்திக்கொள்வோம். தலவாக்கலைப் பக்கம் பழைய லேப்டாப்புக்கு லினக்ஸ் போட்டுக்கொடுத்தால் அதைப் பாவிக்கப்போவது ஏ.எல். படிக்கிற ஒரு தங்கச்சி, அல்லது முன்பள்ளி டீச்சர் அக்கா. அப்டேட்டுக்குப் பிறகு ஒரு எழுத்து வரவேண்டிய இடத்தில் வேறொன்று வந்தால் அவங்க போய் எந்தக் கோப்பு, எந்தப் பேக்கேஜ் என்று தேடப்போவதில்லை. "லினக்ஸ்ல தமிழ் சரியா வராது" என்று முடிவுகட்டி, ஆங்கில எழுத்திலேயே தமிழை அடிக்கத் தொடங்குவாங்க. பிறகு எத்தனை விளக்கம் கொடுத்தும் திருப்பிக் கொண்டுவர முடியாது.

ஏன் அழிகிறது? தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் செக்ரோலைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. யார் பெயர் அதில் இருக்கிறதோ அவர் தோட்டத்துக் கணக்கு. பேக்கேஜ் மேனேஜரிடமும் அப்படி ஒன்று இருக்கிறது. டெபியனில் டீபிக்கேஜி என்கிற நிரல், எந்தப் பேக்கேஜ் எந்தெந்தக் கோப்பைக் கொண்டுவந்து வைத்தது என்று வரிவரியாகக் குறித்து வைத்திருக்கும். 'யூஎஸ்ஆர்' கோப்புறைக்குள் இருக்கிற கோப்பு அந்தப் பட்டியலில் இருந்தால் அது நிர்வாகத்தின் சொத்து. புதுப் பதிப்பு வரும்போது பழையதைத் தூக்கிவிட்டுப் புதியதை வைக்கும். அதில் நீங்கள் கை வைத்தீர்களா என்று பார்க்காது.

எரிச்சலாக இருக்கும். லயத்துக் காம்பராவுக்கு முன்னால் ஒரு இஸ்தோப்பு இறக்கவும் தோட்ட நிர்வாகத்தைக் கேட்க வேண்டிய ஊர் நம்முடையது. சொந்தக் கம்ப்யூட்டரிலும் ஒருத்தன் "இது உன்னுடையது இல்லை" என்றால் கோபம் வராதா? ஆனால் இங்கே நிலைமை வேறு. பாதுகாப்பு ஓட்டையை அடைக்கிற திருத்தம் எல்லா மெஷினுக்கும் ஒரே மாதிரிப் போய்ச்சேர வேண்டுமென்றால் பேக்கேஜ் மேனேஜர் தன் கோப்பைத் தன் கையில் வைத்திருக்கத்தான் வேண்டும். அதே நேரம் உங்களுக்கென்று ஒரு இடத்தை எழுத்திலேயே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். 'ஈடிசி' கோப்புறையில் நீங்கள் செய்த மாற்றத்தை அப்டேட் அழிக்கக்கூடாது என்பது டெபியனின் கொள்கை ஆவணத்திலேயே உள்ள விதி. அங்கே இருக்கிற அமைப்புக் கோப்பை நீங்களும் மாற்றி, பேக்கேஜ்காரரும் மாற்றியிருந்தால் டீபிக்கேஜி நின்று கேட்கும்: உன்னுடையதை வைக்கவா, புதியதைப் போடவா, வித்தியாசத்தைக் காட்டவா? ஒன்றும் சொல்லாமல் என்டர் அடித்தால் உங்களுடையதுதான் இருக்கும். 'யூஎஸ்ஆர்' உள்ளே 'லோக்கல்' என்ற கோப்புறையும் இப்படித்தான், மெஷின்காரருக்கென்றே விட்ட இடம். லயத்தில் இப்படி ஒரு மூலை நமக்கென்று எழுதிக் கிடைத்ததா என்று யோசித்துப் பாருங்கள். கிடைத்த இடத்தை விட்டுவிட்டு நிர்வாகத்தின் சுவரில் ஏன் ஆணி அடிக்க வேண்டும்?

இனி விசைப்பலகை. இலங்கையில் நாம் அடிக்கிற ரெங்கநாதன் அமைப்பு, எஸ்.எல்.எஸ். 1326 என்கிற இலங்கைத் தரத்தில் இருப்பது. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பழகிய தமிழ்99 வேறு. லினக்ஸில் ஐபஸ் வழியாக ரெங்கநாதனைத் தருவது எம்17என் என்கிற தொகுப்பு, ஜப்பானில் தொடங்கியது. 'மிம்' என்று முடிகிற ஒரு சின்னக் கோப்பில் எந்த விசைக்கு எந்த எழுத்து என்று எழுதியிருக்கும். எல்லாரும் கை வைப்பது 'யூஎஸ்ஆர்/ஷேர்/எம்17என்' உள்ளே கிடக்கிற அந்தக் கோப்பில்தான். தேவையே இல்லை. உங்கள் ஹோம் கோப்புறையில் '.எம்17என்.டி' என்று (முன்னால் புள்ளியோடு) ஒரு கோப்புறை உருவாக்கி, மிம் கோப்பின் நகலை அதே பெயரில் அங்கே போட்டு, நகலைத் திருத்துங்கள். எம்17என் முதலில் அங்கேதான் பார்க்கும். சூடோவும் வேண்டாம், அப்டேட்டும் அதைத் தொடாது. பிடிக்காவிட்டால் நகலை அழித்தால் பழையபடி ஆகிவிடும்.

எழுத்துருவுக்கும் இப்படியே. லோஹித் வேண்டாம், நோட்டோதான் வேண்டும் என்றால், ஹோமில் '.கான்ஃபிக்' உள்ளே 'ஃபான்ட்கான்ஃபிக்' கோப்புறையில் நாலு வரி எழுதினால் போதும். லோஹித் பேக்கேஜையே பிடுங்கி எறியச் சொல்கிற வீடியோக்களை நம்பாதீங்க.

நகல் வைப்பதில் ஒரு குறை உண்டு. மூலக் கோப்பில் பிறகு வருகிற நல்ல திருத்தம் உங்கள் நகலுக்கு வராது. ஆகவே எங்கே முழு நகல் தேவையில்லையோ அங்கே வைக்கக் கூடாது. சிஸ்டம்டி இதை அழகாகச் செய்திருக்கிறது. 'சிஸ்டம்சிடிஎல் எடிட்' என்றால் மாற்ற வேண்டிய ரெண்டு வரியை மட்டும் 'ஈடிசி'யில் தனியாக வைத்துக்கொண்டு, மிச்சத்தை மூலக் கோப்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும்.

எந்த வழியும் இல்லாத சில கோப்புகளும் உண்டு. அதற்கு டெபியன், உபுண்டுவில் டீபிக்கேஜி-டைவர்ட் இருக்கிறது. "இந்த இடம் எனக்கு வேணும், உன் கோப்பை வேற பேருல வை" என்று செக்ரோலிலேயே பதிவு செய்கிற மாதிரி. அதற்குப் பிறகு எத்தனை அப்டேட் வந்தாலும் புதிய கோப்பு அந்த வேறு பெயரில்தான் இறங்கும். கடைசிக் கட்டத்தில் மட்டும் எடுக்க வேண்டிய ஆயுதம் இது. 'ஈடிசி' அமைப்புக் கோப்புகளுக்கு இதைப் போடவே போடாதீங்க, டீபிக்கேஜி அதை ஒழுங்காகக் கையாளாது.

எங்களுக்கு இதையெல்லாம் விடப் பயமாக இருப்பது இன்னொரு பழக்கம்: திருத்தம் அழியக்கூடாது என்று அப்டேட்டையே நிறுத்தி வைப்பது. டேட்டா மிச்சம் என்று அதற்கு ஒரு நியாயம் வேறு. ஒரு விசைக்காக பிரவுசரின் ஓட்டையெல்லாம் திறந்து கிடக்கும். பைத்தான்காரர்களும் இதே ரகம். 2023ல் வந்த டெபியன் 12 முதல், சிஸ்டத்தின் பைத்தானுக்குள் பிப் கொண்டு எதையும் நேரடியாகப் போட விடாது, தனிச் சூழல் உருவாக்கச் சொல்லும். மீறிப் போடுவதற்கான தெரிவின் பெயரே 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்'. பெயரிலேயே சிஸ்டத்தை உடைப்பேன் என்று எழுதியிருந்தும் காப்பி பேஸ்ட் பண்ணுகிற தைரியம் நமக்கு.

பழி முழுக்க நம் மீது இல்லை. ஹோமில் இப்படி ஒரு மேல்தட்டு இருக்கிறது என்று எந்த செட்டிங்ஸ் பக்கமும் காட்டுவதில்லை. விசைப்பலகை தெரிவுசெய்கிற இடத்தில் "இதை உனக்கு ஏற்றபடி மாற்று" என்று ஒரு பொத்தான் வைத்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இல்லை.

அதோடு, திருத்தம் உங்கள் ஹோமிலேயே கிடந்தால் பக்கத்து டிவிஷன் பிள்ளைக்கு என்ன பிரயோசனம்? அவளும் அதே பிழையோடுதான் மல்லுக்கட்டுவாள். 'டீபிக்கேஜி', ஒரு இடைவெளி, கழித்தல் குறியோடு பெரிய 'எஸ்', பிறகு கோப்பின் முழுப் பாதை. இப்படி அடித்தால் அது எந்தப் பேக்கேஜுடையது என்று சொல்லிவிடும். டெபியன் என்றால் ரிப்போர்ட்பக் என்ற நிரல் கேள்வி கேட்டுக் கேட்டு முறைப்பாட்டை எழுதித்தரும், சாதாரண மின்னஞ்சலாகவே போகும். எந்த விசை, என்ன வருகிறது, என்ன வரவேண்டும், எந்தத் தரத்தின்படி என்று நாலு வரி ஆங்கிலம் போதும். ஆங்கிலம் தயக்கமாக இருந்தால் தமிழில் எழுதி எங்களுக்கு அனுப்புங்கள், சேர்ந்து உட்கார்ந்து எழுதி அனுப்புவோம்.